சுவர் எழும்பும் வரை

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள்.
சத்தீஸ்கரிலிருந்து ரிக்கு வண்டிப் பையன் லைனில்:
'அக்கா, அறுநூத்தி எழுவது அடி. புகைதான் வருது. நிறுத்தட்டுமா?'
நான் பதில் சொல்லுமுன்
என் தொப்புளுக்கு மேலே பிட் இறங்கி
முதுகில் வெளியே வந்தது.

மேஜையில் கவிழ்ந்தால் கொஞ்சம் தேவலை,
நிமிர்ந்தால் உயிர் போகிறது.
வாயுத் தொந்தரவென்று
எதிர்க்கடை குமரவேல் கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்.
பள்ளிபாளையம் பாலத்தில்
காகித ஆலை வாடையோடு அதுவும் வெளியே வந்தது.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில்
சின்ன டாக்டர் தம்பியைக் கேட்டார்:
'தண்ணிப் பழக்கம் உண்டுங்களா, இவங்களுக்கு?'
திருச்செங்கோட்டில் போர்வெல் ஆபீஸ் நடத்தும் பொம்பளை
எதுவும் செய்வாள் என்று நினைத்திருக்கலாம்.
ஸ்கேன் சொன்னது:
பித்தப்பையில் கடுகுபோலக் கற்கள்.
ஒன்று நழுவிக் குழாய் வாயில் உட்கார்ந்துவிட்டது.

கணையம்.
நாற்பத்து மூன்று வருஷமாய் இரைப்பைக்குப் பின்னால்
வாடகை கேட்காமல் குடியிருந்தது.
சோற்றைக் கரைக்கச் சுரந்ததைத்
தனக்குள்ளேயே திறந்துவிட்டுத்
தன்னையே கரைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் சின்ன மாமனாருக்கு இதே நோவுதான், தொண்ணூற்றெட்டில்.
வாரக்கணக்கில் பட்டினி.
பாட்டில் பாட்டிலாய் ஊற்றினார்கள்.
இரண்டாம் வாரமே வயிற்றைத் திறந்து
கழுவி மூடி, மறுபடி திறந்து,
மூன்றாவது முறை மூடவில்லை.

டாக்டர் ஷர்மிளா பானு அதிகம் பேசமாட்டார்.
ரிங்கர் லாக்டேட் அளந்து இறங்கியது,
ஆறு மணிக்கொரு தரம் மூத்திரத்தையும் ரத்தத்தையும் பார்த்து
சொட்டைக் கூட்டினார், குறைத்தார்.
'முன்னெல்லாம் ஊத்தினோமுங்க.
ஊத்தினது நுரையீரல்ல போய் நின்னுச்சு.'
மூன்றாம் நாளே இட்லி.
தம்பி பதறினான்.
'குடல் பட்டினி கெடந்தா கிருமி சுவரேறிக் குதிக்கும். சாப்பிடட்டும்.'
காய்ச்சல் அடிக்குதே, ஊசி போடலாமே என்று மல்லுக்கு நின்றான்.
'கிருமி இல்லாத சூடு. மருந்து வீண்' என்று
சார்ட்டில் எதையோ எழுதிக்கொண்டே போய்விட்டார்.

மூன்றாம் வாரம் நிஜக் கிருமி வந்தது.
அன்றைக்கு மருந்தும் வந்தது.
உள்ளே செத்த சதை, கலங்கல் குட்டை.
எடுத்துப்போடுங்க என்று நானே கெஞ்சினேன்.
'மருந்து கேக்குதுங்க. இன்னும் பத்து நாள் தாங்குவீங்க.
சுத்தியும் சுவர் எழும்பட்டும்.
இப்பத் தொட்டா ஈரமண்ணு.'
'கேசிங் பாறையில உக்காரணும், அதானுங்க?' என்றேன்.
கேசிங் என்றால் என்னவென்று கேட்டார்.
நாற்பது நாளில்
அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

முப்பத்தோராம் நாள்
வாய் வழியாகக் குழாய் விட்டு,
இரைப்பைச் சுவரில் துளையிட்டு
உடுக்கை வடிவில் ஒரு கம்பிவலையை நட்டார்கள்.
வயிற்றில் கத்தி படவில்லை.
குட்டை வடிந்தது.
பொட்டி திறந்ததுபோல மூச்சு வந்தது.

அடுத்த கட்டிலில்
குமாரபாளையத்து விசைத்தறிக்காரர், முப்பத்து நாலு வயசு.
அதே ரிங்கர், அதே அளவு, அதே டாக்டர்.
நாலாம் நாளே சிறுநீரகம் நின்றது.
அவர் மனைவி
பிளாஸ்க்கை எடுக்க மறந்து போனாள்.
எனக்கு எழும்பிய சுவர்
அவருக்கு எழும்ப நாளே இல்லாமல் போனது ஏன் என்று கேட்டேன்.
ஷர்மிளா பானு கையுறையைக் கழற்றினார்.
'அது இன்னும் தெரியலைங்க.
நோவையே நிறுத்தற மருந்தும் இன்னும் இல்லைங்க.'
இத்தனை டாக்டர்களில்
இதைச் சொன்னவரைத்தான் நம்பினேன்.

வைகாசியில் கம்பிவலையை எடுத்தார்கள்.
பித்தப்பைக்கு ஆனியில் தேதி.
அதுவரை எண்ணெய்ச் சட்டிப்பக்கம் போகக்கூடாது.

ஆபீஸ் திறந்த அன்று கணக்கு நோட்டைப் பார்த்தேன்.
சத்தீஸ்கர் போர், அறுநூற்றுத் தொண்ணூறு அடி, வறண்டது.
என் பதிலுக்குக் காத்திருந்து
இருபது அடி ஓட்டியிருக்கிறான் பையன்.
அப்புறம் அவனே நிறுத்திவிட்டான்.
போனில் கேட்டான்: 'செஞ்சது சரிதானக்கா?'

சரிதான்டா என்றேன்.
இன்னும் பத்து அடியில் என்ன இருந்தது
என்று யாருக்குத் தெரியும்.